சால்மன் லைனும் ஆன்டியின் விரல்களும்

கிள்ளானில் நான் வேலை செய்யும் தூண்டில் கடைக்கு முன்னால், பட்டப்பகலில், சால்மன் மீனாக ஓடியிருக்கிறேன். பெல்ட்டில் தூண்டில் லைன் கட்டியிருந்தது. பக்கத்து முடிதிருத்தும் கடையிலிருந்து பாதிச் சவரத்தோடு ஒருவர் எழுந்து வந்து பார்த்தார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் படிக்கலாம்.

1. ஆன்டி கேட்டது

ஃபிலோமினா ஆன்டி ஓய்வுபெற்ற தாதி. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, புதுத் தூண்டில் ராடும் லைன் சுற்றும் ரீலுமாக வந்து நின்றார்.

"தம்பி, கனடாவுக்கு மகன் வீட்டுக்குப் போறேன். கோஹோ சால்மன் பிடிக்க லைன் வேணும். போன தடவ ஆத்தங்கரையில உக்காந்து அவங்க ஃப்ளாஸ்க்குக்குக் காவல் இருந்தேன். இந்தத் தடவ நானே பிடிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் அவன் ஓடி வந்து கட்டிக் குடுக்கக் கூடாது."

"கவலைய விடுங்க ஆன்டி, சால்மன் என் பொறுப்பு" என்றேன். கல்லாவிலிருந்து முதலாளி செல்வம் அண்ணன் குரல் கொடுத்தார்.

"டேய், நீ பார்த்த சால்மன் ஜப்பான் கடையில சோத்து மேல படுத்திருந்தது லா."

உண்மைதான். எனக்குத் தெரிந்தது காசு கட்டிச் சியாகாப், அதாவது கொடுவா மீன், பிடிக்கும் குளம் மட்டும். அங்கே ரீலில் சுற்றும் மெயின் லைன், இழை பின்னிய மெல்லிய ப்ரெய்ட்தான். சியாகாப்பின் செவுள் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். ஆகவே கொக்கிக்கு முன்னால் கட்டும் துண்டு லைனான லீடர் ப்ரெய்ட்டைவிடத் தடியாக இருக்க வேண்டும். கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதையே சால்மனுக்கும் சுற்றிக் கொடுத்தேன்.

2. சோதனை ஓட்டம்

ஆன்டி ராடைப் பிடித்துக்கொண்டார். நான் நடைபாதையில் ஓடினேன்.

"சால்மன் தாவும்டா!" என்றார் முதலாளி.

தாவினேன். ஒரு செருப்பு சாக்கடையில் விழுந்தது. ஆன்டி சிரித்துக்கொண்டே, என்னை நிறுத்துவதற்காக ஓடும் லைனை இடது கையால் பிடித்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். தரையில் ரத்தம். ஆன்டி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்டி, கை!"

வேறு யாரோ ஒரு நோயாளியின் கையைப் பார்ப்பது போல் பார்த்தார். "ஓ. சக்கரை, தம்பி. விரல் நுனியில ஒண்ணும் தெரியாது. மகனுக்கு இது தெரியாது. தெரிஞ்சா மறுபடியும் ஃப்ளாஸ்க்தான்."

கைப்பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்டரும் எடுத்துத் தானே கட்டிக்கொண்டார். எனக்குத்தான் தலை சுற்றியது. "நீ உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

3. மறுபடியும் முதலிலிருந்து

அப்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். மகன் அனுப்பிய வீடியோவைக் காட்டினார். கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியெல்லாம் பாறை, மேலே மிதவை. தடித்த லீடரை அந்தத் தண்ணீரில் மீன் பார்த்துவிடும். பாறையில் மாட்டினால் லீடர்தான் முதலில் அறுந்து போக வேண்டும். இல்லாவிட்டால் மிதவையும் சேர்ந்து போய்விடும். நான் கட்டியது அப்படியே தலைகீழ்.

ப்ரெய்ட்டைக் கழற்றினேன். மெயின் லைனுக்குப் பதினைந்து பவுண்டு தாங்கும் மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான், மஞ்சள் நிறம். விரலுக்குத் தெரியாததைக் கண் பார்த்துக்கொள்ளும். மோனோ இழுத்தால் கொஞ்சம் நீளும், ப்ரெய்ட் மாதிரி சட்டென்று கையை அறுக்காது. இருந்தாலும் இடது கைக்கு ஒரு கையுறை. லீடருக்குப் பன்னிரண்டு பவுண்டு ஃப்ளோரோ.

ஃப்ளோரோ கண்ணாடி மாதிரி, கண்ணுக்கே தெரியாத லைன். விரலும் உணராவிட்டால் முடிச்சு எப்படிப் போடுவது? "நானே கொக்கியோட கட்டித் தந்துடறேன் ஆன்டி" என்றேன்.

"நீ கட்டிக் குடுத்தா என்ன, அவன் கட்டிக் குடுத்தா என்ன?"

அவர் கண் சுவரில் தொங்கிய சாமான்கள் மேல் போனது. மீன் வாயிலிருந்து கொக்கி எடுக்கும் இடுக்கியைக் காட்டினார்.

"அது ஆபரேஷன்ல ரத்தக்குழாயக் கவ்வுற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்தானே?"

லைன் கண்ணுக்குத் தெரிய மடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் லீடரை வைத்தார். இடுக்கியைச் சுற்றி லைனைச் சுழற்றி, நுனியைக் கவ்வி இழுத்தார். முதல் முடிச்சு வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. "எச்சில் வச்சு ஈரமாக்கி இழுங்க" என்றேன். அடுத்தது நின்றது. நானும் முதலாளியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் அவிழவில்லை.

4. கனடாவிலிருந்து

பிறகு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஆற்றுச் சத்தம்.

"தம்பி, ரெண்டு தடவ பாறையில மாட்டி அறுந்துச்சு. லீடர் மட்டும்தான். நானே கட்டிட்டேன். ஒரு கோஹோ கரை வரைக்கும் வந்து..." நடுவில் ஓர் ஆண் குரல்: "அம்மா, நான் கட்டித் தரவா?"

"வேணாம்யா, நீ போய் உன் லைனப் பாரு."

செய்தி அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கோஹோ கரையேறியதா என்று இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

இப்போதெல்லாம் யார் வந்து லைன் கேட்டாலும், என்ன மீன் என்று கேட்பதற்கு முன் கையைக் காட்டச் சொல்கிறேன். போன வாரம் அம்பாங்கிலிருந்து வந்த ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டி, "எப்ப கல்யாணம் ஆகும்ணே?" என்றார்.

ரேகையைப் பார்க்கவில்லை. காய்ப்பு இருக்கிறதா, நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். "இந்தக் கைக்கு மோனோதான் boss" என்றேன். "மத்தது பொண்ணு வீட்டுல கேளுங்க."