மேகத்துக்கு முடி முளைத்த நாள்

மாலை சரியாக நாலு பத்துக்கு நான் என் மகளிடம், "ஓடு, இன்னும் மொட்டையாத்தான் இருக்குது, பயமில்ல" என்றேன். மொட்டையாக இருந்தது, நகரி மலைக்கு மேலே எழுந்து நின்ற ஒரு மேகம். இதை எழுதுவதற்கு முன்பும் ஒருமுறை ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஒன்பதாவது படிக்கும் மகளிடம் பள்ளியில் மேக ஆல்பம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு வகைக்கும் சொந்தமாக எடுத்த ஒரு படம். அவள் பால் வாங்கப் போனாலே வாசலில் நிற்கிற ஆள் நான். ஆனால் மதிப்பெண் என்றதும் என் பயம் விடுப்பில் போய்விட்டது. நானே படித்து நானே பாடம் நடத்தினேன். சூடான ஈரக் காற்று மேலே போகிறது. போகப் போகக் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி ஏதாவது ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. துளிகள் சேர்ந்தால் மேகம்.

"அப்போ நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு மேல எப்பவும் மேகம் இருக்கணுமே நைனா?"

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஒரு வாரத்தில் மாடியிலிருந்தே பலவும் கிடைத்தன. மிக உயரத்தில், பனித்துகள்களாலான கீற்று மேகம். எங்கள் ஊர் முருகன் மலைக்கோயிலை ஒரு காலை முழுக்க மூடிவைத்த படை மேகம். அடி தட்டையாக, மேலே பூரிபோல் உப்பிய திரள் மேகம். மிச்சமிருந்தது இடி மேகமான கார்திரள். அதன் உச்சி முதலில் மழித்த தலைபோல் வழவழப்பாக இருக்கும். அங்கே பனி உறைந்ததும் நார் நாராகப் பிரிந்து, தலையில் முடி முளைத்ததுபோல் ஆகும். ஆல்பத்துக்குக் கேட்டிருந்தது மொட்டையாக இருக்கும்போதே எடுத்த படம். முடி முளைத்தால் இடி மின்னல் நிச்சயம் என்று படித்தேன். மொட்டையாக இருக்கும்வரை ஆபத்தில்லை என்பது மட்டும் நானாகச் சேர்த்தது. மொட்டைக்கும் இடிக்கத் தெரியும். ஆனால் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஜனங்கள் சிரித்துக்கொண்டு இறங்கிவரும் ஊரில் வளர்ந்தவன் நான். மொட்டையைப் பார்த்துப் பயப்பட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாடியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. மலைப்படி ஏறினால் மேகம் முழுசாகத் தெரியும். என் போனில்தான் படம் நன்றாக விழும் என்று அதையும் கையில் கொடுத்து அனுப்பினேன்.

நாலு முப்பத்தைந்துக்கு ஊர் இருட்டியது. மனைவி தன் போனிலிருந்து அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினேன்: ஒன்பது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பதும் நான் நடத்திய பாடம்தான். நாங்கள் ஓடி அடிவாரம் சேர்ந்தபோது இரண்டு.

மழையில் சந்தனம் கரைந்து முகத்தில் வழிய ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பச்சைச் சுடிதார் போட்ட பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. பத்துப் படி ஏறினேன். அடுத்த இடிக்குப் பிறகு ஒரு படிகூட ஏறவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் அவளிடம் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அங்கேயே நின்று உரக்க வேண்டிக்கொண்டேன். "முருகா, புள்ள பத்திரமா வரட்டும், மொட்டை போடறேன்!"

மனைவி நனைந்த என் தலையைப் பார்த்தாள். "எடுக்கறதுக்கு இன்னாங்க கீது அதுல? சாமியவே ஏமாத்தறீங்களா?" அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"அப்போ யாரு தலை? அவ தலையா?"

"என் தலைய எடுக்கட்டும். அவ வரட்டும் மொதல்ல."

அஞ்சு இருபதுக்கு மேலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட் இறங்கி வந்தது. அதன் கீழே இரண்டு பேர்: மேலே மொட்டை போடும் கொட்டகையில் வேலை செய்பவர் ஒருவர், என் மகள்.

"நம்ம கொட்டாயிலதான் குந்திகினு இருந்துச்சு சார்" என்றார் அவர். "முடி எடுக்கணுமா பாப்பான்னு கேட்டா, எனக்கு இல்லீங்க, மேகத்துக்குன்னுது."

நான் அவள் தோளைத் தொட்டுப் பார்த்தேன். நனையவே இல்லை. ஆனால் முகம் தொங்கிக் கிடந்தது. போனை என்னிடம் நீட்டினாள்.

"வேஸ்ட்டு நைனா. நான் ஏறி முடிக்கறதுக்குள்ள அதுக்கு முடி மொளச்சிடுச்சு."