எட்டு வகைச் சொற்களும் ஒரு தோல் பட்டறையும்

யுத்தம் முடிந்த மறு வருடம், ஜூலை மாதம். பம்பாய் மாதுங்காவில் ஆறு பேர் தங்கும் அறையில் நான் ஏழாவது ஆளாக இருந்தேன். தோல் பைகள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தற்காலிக குமாஸ்தா வேலை. சனிக்கிழமை ஆங்கிலப் பரீட்சை. தேறினால் நிரந்தரம், தவறினால் பாலக்காட்டுக்கு ரயில். ஊரில் அம்மாவோ, என் வேலை நிரந்தரமாகிவிட்டதென்று பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யை உண்மையாக்கும் பொறுப்பு என் தலையில் இருந்தது.

ஒரு பத்தியைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லும் 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' எட்டில் எதைச் சேர்ந்தது என்று கேட்பார்களாம். எட்டின் பெயர்களும் எனக்கு வரிசையாகத் தெரியும். எது என்ன செய்யும் என்பது மட்டும் தெரியாது. ஆகவே அகராதியைப் பார்த்து, அதில் எது முதலில் போட்டிருக்கிறதோ அதன்படி நானூறு சொற்களை நோட்டில் ஜாதி பிரித்து எழுதி உருப்போட்டேன். ஒரு சொல் பிறந்த ஜாதியிலேயே கடைசிவரை இருக்கும் என்பது என் நம்பிக்கை. வளர்ந்த விதம் அப்படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரக்குப் பார்க்க என்னைத் தாராவிக்கு அனுப்பினார்கள். எங்களுக்குப் பை தைத்துத் தரும் பட்டறை அங்கே இருந்தது; முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். மூட்டை கட்டி முடியும்வரை நோட்டும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

"என்ன ஐயரே, வாய் முணுமுணுக்கு? மந்திரமா?" என்றார் முதலாளி.

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப 'கட்' எதுல சேத்தி?"

"வெர்ப், பாய். வினைச்சொல்."

அவர் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பைகளின் 'கட்' சரியில்லை என்று எங்கள் கம்பெனி அனுப்பிய புகார். டைப் அடித்தவன் நான்தான்.

"இதுலயும் அதேதானா?"

இல்லை. அங்கே அது பெயர்ச்சொல். நானூறு சொற்களும் ஒரேயடியாகக் காலை வாரிவிட்டது போலிருந்தது.

"அந்தா நிக்கானே, அவன் காலைல வெட்டுதான், மத்தியானம் தைக்கான். அவன் என்ன ஆளுன்னு கேட்டா, எப்பன்னு நான் திருப்பிக் கேப்பேன். சாயா குடியும். மூஞ்சி வெளுத்துப் போச்சு."

மூன்று மாதமாக, "இப்பதான் குடிச்சேன்" என்று அங்கே சாயாவைத் தட்டிக்கழித்து வந்தவன் நான். அன்று பயத்தில் மறுக்க மறந்து குடித்துவிட்டேன்.

மறுநாள் பரீட்சையில், முதல் சொல்லைப் பார்த்ததுமே கை உருப்போட்டதையே எழுதிவிட்டது. அடித்தேன். இது இந்த வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று ஒவ்வொன்றையும் விசாரித்தேன். தாள் முழுக்க அடித்தல். மணி அடித்தபோது இரண்டு வாக்கியங்கள் மிச்சம். முடிவு வரும்வரை சரியான தூக்கம் இல்லை. தேறியவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.

பாயிடம் நன்றி சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை. இருபது வருடமாகிறது. இன்றும் புதிதாக ஒருவரைப் பார்த்து, பேரும் ஊரும் தெரிந்துகொண்டதும், ஆளையே தெரிந்துகொண்டது போல எனக்கு ஒரு நிம்மதி வருகிறது; அந்த நிம்மதியைக் கண்டு கொஞ்சம் பயப்பட மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.