நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

பக்கத்து வீட்டுப் பெண் உயிரியல் பாடத்தைச் சத்தமாக ஒப்பிப்பது கேட்டதும், பல்கலைக்கழகம் புகுவதற்கான ஏ.எல். பரீட்சை எழுதப்போகும் என் மகள் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அவ முடிச்சிட்டா போலம்மா. எனக்குத்தான் கெம்பஸ் கெடைக்காது."

எனக்குத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் நான் வளர்ந்த ஒற்றை அறை, எங்கள் லயத்துக் காம்பரா, ஞாபகம் வந்தது. அங்கே நடுச்சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளி வழியாக விடியற்காலையில் பக்கத்துக் காம்பராவின் அடுப்புப் புகையும் செல்வியின் குரலும் சேர்ந்தே வரும். செல்வி என் வகுப்புக்காரி. நான் புரட்டியே பார்க்காத பக்கங்களை அவள் மனப்பாடமாக ஒப்பிப்பாள். எனக்கு வயிறு எரியும். அவளுக்குக் கேட்கட்டும் என்றே நானும் புத்தகத்தைத் திறந்து உரக்க வாசிப்பேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறாது.

பரீட்சைக்கு முந்தின நாள் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

"அவ எல்லாத்தையும் படிச்சிட்டாம்மா. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல," என்று செல்வி தன் அம்மாவிடம் விம்மிக்கொண்டிருந்தாள்.

சுவரில் காதை வைத்துக் கேட்டேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்டு மகள் சிரித்துவிட்டாள். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அந்த ஆன்ட்டி கெம்பஸ் போனாங்களா?"

"போனா. நீ மொதல்ல வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு," என்று எரிந்து விழுந்தேன்.