குதிரை எருவும் ஆறு பால்டின்னும்

எழுபதுகளின் கடைசியில், மலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயன் வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. தேயிலைக்கு ஆகாத சரிவு. என் துண்டில் விளைந்த கோஸும் பீன்ஸும்தான் வீட்டில் ஐந்து பேருக்கும் கறி.

பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் காய்கறி ஏற்ற வரும் லோரிக்காரர், கீழே டவுனில் ஒரு குதிரை லாயத்திலிருந்து லோரி நிறைய எரு கொண்டுவந்து எங்களுக்குச் சும்மாவே கொட்டினார். எல்லாரும் கூடையோடு ஓடினார்கள். நான் அவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, இதுல மருந்து இருக்கா?"

"குதிரைங்க எல்லாம் நல்லா இருக்குலா. மருந்தே குடுக்கல."

"குதிரைக்கு இல்லண்ணே. அது தின்ன புல்லுக்கு."

"புல்லுக்கு என்னா, காய்ச்சலா?"

லயனே சிரித்தது. அன்றிலிருந்து நான் காய்ச்சக்காரி.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்தான் நான். ஆனால் முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கு மருந்து அடித்தவள். ஒரு வகை மருந்து உண்டு. அகல இலைச் செடியைச் சுருட்டிக் கொல்லும், புல்லை ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் சாணியைப் போட்டு, ஒரு வீட்டு மிளகாய்ச் செடிகள் அத்தனையும் சுருண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். என் துண்டு கெட்டுப்போனால் வேறு துண்டு யார் தருவார்கள்?

என் பங்கு எருவை ஓரமாகக் குவித்துவிட்டு, ஆறு பால்டின்களில் ஆணியால் ஓட்டை போட்டேன். மூன்றில் வெறும் மண். மூன்றில் மண்ணும் எருவும் பாதிக்குப் பாதி. எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை ஊன்றி, ஜன்னலுக்குக் கீழே வரிசையாக வைத்தேன். எரு டின்னில் மட்டும் இலை சுருண்டால் அந்த எரு எனக்கு வேண்டாம்.

கங்காணி வந்தார்.

"வெள்ளிக்கிழமை துரை லயனைப் பாக்க வர்றாரு. உன் பங்கு மட்டும் குவிஞ்சு கிடக்கு. மண்ணுல போடு, இல்ல பள்ளத்துல தள்ளிருவேன்."

"தள்ளவும் விடமாட்டேன், போடவும் மாட்டேன்."

"அப்ப என்னாதான் செய்யப்போற?"

"பீன்ஸு இலை விடட்டும்."

வேலை முடிந்து வந்து, கூடை கூடையாக அந்தக் குவியலைச் சமையல்கட்டின் பின்பக்கம் சுமந்து சேர்த்து, துரை கண்ணில் படாதபடி தகரத்தால் மூடினேன்.

மலைக்குளிரில் விதை சீக்கிரம் முளைக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை குனிந்து பார்ப்பேன். ஒரு காலையில் எரு டின்னில் ஓர் இலை ஓரம் மடிந்திருந்தது. விரலால் பிரித்தேன், உள்ளே ஒரு புழு.

மூன்றாம் வாரம் ஆறு டின்னிலும் இலைகள் நேராக விரிந்தன. எரு போட்டவை இன்னும் கரும்பச்சை.

பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்க கோஸு வேர் புடிச்சு நிக்குது. உனக்கு மூணு வாரம் போச்சு. இப்ப என்னா சொல்ற, காய்ச்சக்காரி?"

"நல்ல எருன்னு சொல்றேன்க்கா."

"அதத்தான் நாங்க அன்னிக்கே சொன்னோம்லா."

"சொன்னீங்க. தெரிஞ்சா சொன்னீங்க?"

அவள் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று தகரத்தை நகர்த்தினேன். வீணாய்ப் பயந்தேன் என்று அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் கூடையை என் மண்ணில் கவிழ்த்தேன்.