கறிவேப்பிலைக் கன்றுக்குப் போன குளிசைகள்

ஆறேழு வருடங்களுக்கு முன்பு, மாரிக்காலத்தில் ஒரு பின்னேரம், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் ஒரு டொக்டரின் அறையில் நடந்தது இது. அப்போது கணவர் கட்டாரில் வேலை செய்தார். நானும் மகளும் மாமியும் உப்புவெளியில் இருந்தோம். மாமி என்று கணவரின் அம்மாவைத்தான் சொல்கிறேன்.

அந்த வருடம் காரணமே இல்லாமல் என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. நான் வேலை செய்யும் கந்தோரில் யாராவது என் பெயரைக் கூப்பிட்டாலே நெஞ்சு படபடக்கும். பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டும். பாதி வழியில் இறங்கி நடந்து போயிருக்கிறேன். இதயத்தில்தான் கோளாறு என்று எல்லாப் பரிசோதனையும் செய்து, ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு இந்த டொக்டரிடம் போனோம். இது பதற்ற நோய், மருந்துக் குளிசை போட்டால் குறையும் என்றார்.

எங்கள் பக்கத்தில் டொக்டரிடம் யாரும் தனியே போவதில்லை. கூட ஒருவர் வருவார். உள்ளேயும் வருவார். நோயாளிக்கு என்ன வருத்தமென்று அவரே சொல்லியும் விடுவார். மாமி அதில் பெரிய கெட்டிக்காரி. டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்பார், பக்கத்துக் கதிரையில் இருக்கும் மாமியிடமிருந்து பதில் வரும்.

"நித்திரை எப்பிடி?"

"நித்திரை எங்க டொக்டர், பிள்ளை விடிய விடியப் பிரண்டுகொண்டெல்லோ கிடக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் முதல் நாள் சாப்பிட்ட கறி வரைக்கும் சொல்லி முடித்திருப்பார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவள் நான். எனக்காக ஒருவர் இவ்வளவு கதைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

குளிசை தருவதும் மாமிதான். இராச்சாப்பாடு முடிந்ததும் ஒரு கையில் குளிசையும் மறு கையில் தண்ணீருமாக வந்து நிற்பார். முதல் கிழமை ஏழு நாளும் ஒழுங்காக விழுங்கினேன். காலையில் எழும்ப முடியாமல் தலை பாரமாக இருந்தது. ஒருநாள் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, குசினி முழுக்கக் காஸ் மணம். நான் அந்த அடுப்புக்கு முன்னாலேயே தூங்கி வழிந்தபடி நின்றிருக்கிறேன். மகள் வந்து உலுக்கித்தான் தெரிந்தது. போதாக்குறைக்கு வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரி ஒருத்தி போனில், "அந்தக் குளிசை தொடங்கினா விடேலாது, கவனம்" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு குளிசையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடிப்பேன். மாமி அங்கால் போனதும் பின்வாசலில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்த சாடியில் துப்பி மண்ணைத் தள்ளிவிடுவேன். பயமோ முன்னைவிடக் கூடியது.

அப்படியே ஒரு தவணை போய், அதற்கு அடுத்த தவணைக்கும் போனோம். நல்ல மழை. ஊருக்குள் திரியும் மான்கள் டொக்டர் வீட்டு மதிலோரம் ஒதுங்கி நின்றன. உள்ளே போய் இருந்ததும் டொக்டர் கேட்டார், "குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?"

வழக்கம்போல மாமி பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். போன முறை, "ஓம் டொக்டர், நான் என்ரை கையாலயெல்லோ குடுக்கிறனான்" என்று பெருமையாகச் சொன்னவர், அன்றைக்கு மடியில் இருந்த குடையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வேறு வழியில்லாமல் நானே "ஓம்" என்றேன்.

டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஒழுங்காப் போட்டும் குறையேல்லை எண்டா, கொஞ்சம் கூட்டித்தான் பாக்க வேணும்." பேனாவை எடுத்தார்.

கூட்டித் தந்தால் அதை விழுங்கினாலும் ஆபத்து, துப்பினாலும் ஆபத்து. வைத்தியரிடமும் வழக்கறிஞரிடமும் எதையும் மறைக்கக்கூடாது என்பார்கள். பக்கத்தில் மாமி இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லையே. உண்மையைச் சொன்னால், இத்தனை நாளும் தன் கையால் தந்தவரை டொக்டருக்கு முன்னால் நான் ஏமாளியாக்கிவிடுவேன்.

அப்போது மாமி எழுந்தார். "டொக்டர், எனக்கு இந்த ஃபான் காத்து ஒத்துவருகுதில்லை. நான் வெளியில இருக்கிறன். பிள்ளை கதைப்பா." குடையை எடுத்துக்கொண்டு போய்க் கதவையும் சாத்திவிட்டார்.

துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. டொக்டர் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர், நான் குளிசை போடுறேல்லை."

ஒன்று வெளியே வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. பால், காஸ், சொந்தக்காரியின் போன், எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று நான் யாரிடமும் சொல்லாத பயம், எல்லாம். அழுதும் விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு. மருந்து வேலை செய்யேல்லை எண்டெல்லோ நான் நினைச்சனான்" என்றார். அந்தத் தூக்கம் மருந்தால் வந்தது, அளவைக் குறைத்து வேறு விதமாகத் தொடங்கலாம், ஒத்துவராவிட்டால் நானாக நிறுத்தாமல் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று விளக்கினார்.

"வாழ்நாள் முழுக்கப் போட வேணுமோ?" என்று கேட்டேன்.

"அதை இப்பவே சொல்ல ஏலாது. ஆனா நிப்பாட்டுறதெண்டா ரெண்டு பேருமாச் சேந்து நிப்பாட்டுவம்."

வெளியே வந்தால், மாமி வாசலில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்தபடி அடுத்த நோயாளியின் ஊர், உறவு எல்லாம் விசாரித்து முடித்திருந்தார். திரும்பி வரும்போது ஓட்டோவில், "மாமி, உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும்" என்று தொடங்கினேன்.

"தெரியும் பிள்ளை. கொஞ்ச நாளா அந்தக் கறிவேப்பிலைக் கண்டுதான் எங்கட வீட்டில நல்லா நித்திரை கொள்ளுது."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க நான் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. தெரிந்தும் ஏன் டொக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொல்லிப்போட்டா, பிறகு வீட்டை வந்து என்ரை முகத்தை எப்பிடிப் பாப்பாய்?" என்றார்.

புதிய குளிசை ஒத்துக்கொண்டது. நாளடைவில், டொக்டர் சொன்னது போலவே, இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் குறைத்து நிறுத்தினோம். மாமி இப்போது இல்லை. சாடியிலிருந்து நிலத்துக்கு மாற்றிய கறிவேப்பிலை மரமாகி மதிலுக்கு மேலே நிற்கிறது. அதில் இலை ஒடிக்கும்போதெல்லாம் அந்தக் குரலுக்காக மனம் ஏங்கும்.

போன மாதம் மகளுக்கு ஓயாத தலையிடி என்று அதே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. டொக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் துடித்தது. அதை விழுங்கிக்கொண்டு, ஃபான் காற்று ஒத்துவரவில்லை என்று எழுந்து வெளியே வந்து வாங்கில் இருந்தபோதுதான், அன்றைக்கு அந்தக் கதவைச் சாத்துவது மாமிக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது.