மேலே பார்த்து நடந்தவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். எல்லோருக்கும் இஸ்திரி அக்கா. கோடையில் பேருந்துக்குள் வெந்து சாவதைவிட மேல் என்று, காட்டுப் பாதையில் நடந்தே வேலைக்குப் போவாள்.

பறவைகள் அவளுக்குப் பழக்கமானது ரோஷத்தால்தான். அதே மருத்துவமனையில் இரவுக் காவலாளியான அவளுடைய அண்ணன், காலையில் வேலை முடிந்து அதே பாதையில் எதிரே வருவார். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று தங்கை கல்யாணத்துக்கு வராதவர். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அண்ணன் தலை தெரிந்ததும் முகத்தை மரங்களின் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவர் கடந்து போகும்வரை எதையாவது பார்க்க வேண்டுமே! அப்படித்தான் மரங்கொத்தியின் பொந்தும், ஓடையோரம் மீன்கொத்தி உட்காரும் கிளையும் அவளுக்குத் தெரியவந்தன.

"புதுச் சட்டை போட்டுட்டு எதிர்ல உக்காந்திருக்கேன், கண்ணுக்குத் தெரியல. இலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற குருவி மட்டும் தெரியுது!" என்பான் கணவன்.

அன்று காலை அண்ணன் எதிரே வரவில்லை. விட்டது தொல்லை என்று வீசி நடந்தாள். ஓடை வளைவில், புதர் ஓரமாக வண்ணத்துப்பூச்சிகள். மஞ்சளும் வெள்ளையுமாக அத்தனை கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. எதன்மேலோ அப்பிக்கொண்டு, இறக்கைகளை மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. கலைந்துவிடுமோ என்று மூச்சை அடக்கி நின்று ரசித்தாள். ஆசை தீராமல் இன்னும் கிட்டே போனாள்.

இறக்கைகளுக்கு நடுவே ஒரு சட்டைப் பொத்தான்.

ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு பூச்சிகள் குபீரென்று எழுந்தன. வியர்வையில் ஊறிய காக்கிச் சட்டை. அரைக்கண் மூடி, வாய் பிளந்து, அண்ணன்.

"அண்ணா! ஐயோ, அண்ணா!"

உடம்பு சில்லிட்டிருந்தது. மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சு வருகிறதா என்றே தெரியவில்லை. அவள் அலறலைக் கேட்டு அவ்வழியே வந்த பால்காரர் பைக்கை நிறுத்தினார். இருவருமாகத் தூக்கி, நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார்கள்.

"சர்க்கரை அடியோட இறங்கிருச்சும்மா. ஊசி போட்டுட்டு சாப்பிடாம இருந்திருக்கார், அதான் இப்படி வேர்த்துக் கொட்டியிருக்கு" என்றார் டாக்டர். "பொழைச்சுக்குவார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்."

அந்தக் கொஞ்ச நேரம் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

அண்ணி ஓடிவந்து அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள். "நீ மட்டும் பாக்காம போயிருந்தா..."

"பாத்தேன் அண்ணி. வேர்வை உப்புக்கு மொய்ச்ச பட்டாம்பூச்சிங்களப் பாத்துட்டு, அழகா இருக்குன்னு நின்னு வேடிக்கை பாத்தேன். அடியில அண்ணன் கெடக்காருன்னு தெரியாம ரசிச்சிட்டு நின்னேன்."

அண்ணி பிடித்த கையை விடவில்லை.

மாலையில் அண்ணன் நன்றாகக் கண் விழித்தார். தங்கையை வெகுநேரம் பார்த்தார்.

"உன் வீட்டுக்காரர் எங்க?"

"வெளிய நிக்கிறார். உள்ள வரலாமான்னு தெரியாம."

"அதென்ன கேள்வி? வரச் சொல்லு."

கதவருகே போனாள். கையை ஆட்டிக் கணவனை உள்ளே அழைத்தாள்.