தெரியாத மாதிரிப் போக மாட்டேன்

கடந்த ஆண்டு ஒஸ்லோவில் வின்டர்ஃபெரியே என்கிற குளிர்கால விடுமுறை வாரம். ஸ்டோவ்னர் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் முழங்கால்வரை பனி கிடந்தது. நானும் கணவரும் தாய்லாந்துக்குப் போய், அங்கிருந்து மலேசியாவுக்கும் போவதாகத் திட்டம். பாங்கொக்கிலிருந்து ரயிலில்தான் எல்லையைக் கடப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"பிளேனிலை போனால் ரெண்டு மணித்தியாலம். உமக்கென்ன விசரே?" என்றார் கணவர்.

விசர் இல்லை, வைராக்கியம். இளவயதில், ஆட்களைக் களவாக வெளிநாடு அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரனின் பின்னால், வேறொருத்தியின் கடவுச்சீட்டோடு இதே எல்லையைக் கடக்கப் போய்ப் பிடிபட்டவள் நான். என்னோடு வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து போனார்கள். அவர்களில் பிழையே இல்லை. ஒருவர் மாட்டினால் மற்றவர்கள் தெரியாத மாதிரிப் போக வேண்டும் என்பது ஏஜென்சிக்காரன் எங்களுக்குப் போட்ட சட்டம். நின்றிருந்தால் எல்லோரும்தான் மாட்டியிருப்போம். பிறகு பாங்கொக்கில் ஓர் அறைக்குள் மாதக்கணக்காகக் கிடந்து, வேறு வழியால் நோர்வே வந்து சேர்ந்தேன். அது பெரிய கதை, விடுங்கள். இந்த முறை என் சொந்தப் பெயரோடு, பட்டப்பகலில், நிமிர்ந்து கடக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

எல்லை நிலையத்தில் எல்லோரும் பெட்டிகளோடு இறங்க வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் முதலில் தாய்லாந்து அதிகாரிகள், அடுத்ததாக மலேசிய அதிகாரிகள். இரண்டு முத்திரையும் விழுந்தால் அடுத்த ரயிலில் ஏறலாம். என் நோர்வே கடவுச்சீட்டைப் பார்த்ததும் டக்கென்று குத்தித் தந்துவிட்டார்கள். எனக்குக் கோபமே வந்தது. ஒரு காலத்தில் என்னை அழ வைத்த இடம் இப்போது என் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவளைக் கண்டேன். பக்கத்து வரிசையில், கையில் இலங்கைக் கடவுச்சீட்டோடு, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மலேசிய அதிகாரி ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் கேட்டார். யாரிடம் போகிறாய், எத்தனை நாள் நிற்பாய்? அவள் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஓரமாக ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

கிட்டப் போய் என்ன பிரச்சினை என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அக்கா, நீங்கள் போங்கோ. நீங்களும் மாட்டுப்படுவியள், என்னைத் தெரியாத மாதிரிப் போங்கோ."

ஐயோ! இத்தனை வருடம் போயும் அந்தச் சட்டம் இன்னும் சாகவில்லையா? எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"சும்மா இரு. நான் ஒரு இடமும் போகேல்லை" என்றேன்.

விசா இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் இருக்கிறதாம். பாங்கொக்கில் தம்பியைப் பார்த்துவிட்டு, பினாங்கில் வேலை செய்யும் கணவனிடம் போகிறாள். பயத்தில் வாய் வரவில்லை, அவ்வளவுதான். நேரே அதிகாரியிடம் போனேன். பதில் சொல்லாவிட்டால் வந்த பக்கமே திருப்பி அனுப்ப வேண்டி வரும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். நீங்கள் அவளுக்கு என்ன உறவு என்று கேட்டார். யோசிக்கவேயில்லை, தங்கச்சி என்றேன்.

"அவளின் பெயர் என்ன?"

வசமாக மாட்டினேன்! பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்த கணவர், "ரயில் வெளிக்கிடப் போகுது, வாரும்!" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

பெயர் தெரியாது என்று அதிகாரிக்கு நேராகவே சொன்னேன். எங்கள் ஊரில் என்னைவிட இளையவளைத் தங்கச்சி என்று கூப்பிடப் பெயர் தேவையில்லை, இவளை நான் இன்றைக்குத்தான் கண்டேன் என்றேன். என் கடவுச்சீட்டை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். இவளுடைய விசாரணை முடியும்வரை இதுவும் உங்களிடமே இருக்கட்டும், நான் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் என்னையும் மறித்து வையுங்கள் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பக்கத்தில் சர்ரென்று சக்கரம் உருளும் சத்தம். கணவர் இரண்டு சூட்கேஸையும் இழுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்! கதிரையில் இருந்தவளிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "குடியும் பிள்ளை, பயப்பிடாதையும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீர் கதையும். நான் பெட்டியளைப் பாக்கிறன்" என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான்.

அதிகாரி கேட்டார், நான் தமிழில் கேட்டேன், அவள் சொன்னாள். முதலில் முனகலாக, பிறகு தெளிவாக. கணவனின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தாள். அதிகாரி அழைத்துப் பேசினார். அவள் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த சத்தம் கேட்டபோது, வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எத்தனை மரணம் கண்டும் ஒருநாளும் கண் கலங்காத நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

ரயில் எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. போகட்டும். அடுத்தது வரும்வரை மூவரும் நிலையத்தின் நீள மர வாங்கில் அமர்ந்து, இனிப்புக் கூடிய தேநீர் குடித்தோம். யாரென்றே தெரியாத தனக்காக ஏன் நின்றேன் என்று அவள் கேட்டாள். நான் பழைய கதையைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

அந்த ஏஜென்சிக்காரனின் சட்டம் அந்தக் காலத்தில் என்னோடு வந்த ஆட்களைக் காப்பாற்றியது, மெய்தான். ஆனால் என்னளவில் அது முடிந்துவிட்டது. இனி எந்த எல்லையில், யார் சீருடையோடு நின்று, பயந்து நிற்கும் ஒருத்தியைக் காட்டி இவளைத் தெரியுமா என்று கேட்டாலும், பெயர் தெரியாவிட்டாலும், தெரியும் என்றுதான் சொல்வேன்.